கோகோ கோலாவை ஹீப்ருவில் வரைவது எப்படி: லோகோ எழுத்துப் பயிற்சிக்கு ஒரு முழு வழிகாட்டி

ஜெருசலேம் பழைய நகரின் கடைத்தெருவில் சுற்றுலா வருபவர்களுக்காகத் தொங்கும் டி-சர்ட்டுகளில், சிவப்புத் துணியில் வெள்ளை எழுத்தில் ஹீப்ரு கோகோ கோலாவைப் பார்க்கலாம். ஹீப்ருவில் ஓர் எழுத்துகூடத் தெரியாதவரும் அதைப் பார்த்த நொடியில் சிரித்துக்கொண்டே "கோகோ கோலா" என்பார். அவர் எதையும் படிக்கவில்லை. நிறத்தையும் வளைவையும் பார்த்தார், அவ்வளவுதான்.

இந்தப் பயிற்சியின் சுவாரசியம் அங்கேதான் இருக்கிறது. ஒரு லோகோவிலிருந்து அதன் எழுத்துகள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு வேறு எழுத்துகளை வைக்கிறோம். அப்புறமும் அது அதுவாகவே தெரிகிறதா என்று பார்க்கிறோம். தெரிந்தால், எதனால் தெரிகிறது? தெரியாவிட்டால், பிடுங்கியதில் எது கூடவே போனது?

இதற்கு ஹீப்ரு எதற்கு என்று கேட்கலாம். ரஷ்ய எழுத்தோ கிரேக்க எழுத்தோ ஆங்கில எழுத்துக்கு நெருங்கிய சொந்தம். பாதி வேலை தானாகவே நடந்துவிடும், நாம் ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டோம். ஹீப்ருவில் எழுதும் திசை வேறு, கோட்டின் தடிமன் விழும் இடம் வேறு, எழுத்தின் உயரக் கணக்கும் வேறு. ஆனால் எழுத்துகள் 22 மட்டுமே. ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். ஒரு வாரத்தில் பழகிவிடலாம். மொழி தெரிய வேண்டியதில்லை.

முதலில் எழுத்தின் உடம்பைப் பாருங்கள்

ஹீப்ரு எழுத்து அட்டவணை ஒன்றை அச்செடுத்து மேசையில் ஒட்டிவிடுங்கள். இந்த வழிகாட்டி முழுக்க எழுத்துகளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடப் போகிறேன். அட்டவணை பக்கத்தில் இல்லாவிட்டால் கண்ணைக் கட்டிவிட்டது போல இருக்கும்.

வலமிருந்து இடமாக எழுதுகிறார்கள். நம்மைப் போலவே பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு இல்லை. உயிரொலிகளுக்கான புள்ளிகள் உண்டு, ஆனால் அன்றாட எழுத்தில் போடுவதில்லை. லோகோவில் அவற்றைத் தேட வேண்டாம். காஃப், மேம், நூன், பே, ஸாதி ஆகிய ஐந்துக்கும் சொல்லின் கடைசியில் வரும்போது வேறு வடிவம்.

அச்சு எழுத்துகள் பெரும்பாலும் ஒரு சதுரத்துக்குள் அடங்கும். ஆங்கிலத்தில் எழுத்துகள் அடிக்கோட்டில் உட்கார்ந்திருக்கும். ஹீப்ருவில் தலைக்கோட்டிலிருந்து தொங்குவது போல இருக்கும். தலைக்கோட்டுக்கு மேலே கழுத்தை நீட்டுவது லாமெத் ஒன்றுதான். அடிக்கோட்டுக்குக் கீழே கால் நீட்டுபவை கோஃப், அப்புறம் காஃப், நூன், பே, ஸாதி இவற்றின் இறுதி வடிவங்கள். இறுதி மேம் மட்டும் மூடிய பெட்டியாகச் சதுரத்துக்குள்ளேயே இருந்துவிடும். யோத் எல்லாவற்றிலும் சின்னது. மேல் பாதியில் ஒரு காற்புள்ளி போலத் தொங்கும்.

இதைவிட முக்கியமானது தடிமன். ஆங்கில எழுத்தில் நேர்க்குத்துக் கோடு தடிமன், கிடைக்கோடு மெல்லியது. ஹீப்ருவில் நேர்மாறு: கிடைக்கோடு தடிமன், குத்துக்கோடு மெல்லியது. பேனா முனையைப் பிடிக்கும் கோணம் வேறு என்பதால் வந்த வித்தியாசம் இது. லைப்சிக் நகர யூத ஆலயத்தில் பாடகராக இருந்த ரஃபாயேல் ஃபிராங்க் வடிவமைத்து, 1910-ஐ ஒட்டி ரூல் அச்சு வார்ப்பகம் வெளியிட்ட ஃபிராங்க்-ரூல் எழுத்துருவைப் பெரிதாக்கிப் பாருங்கள். இந்த மாற்றம் பளிச்சென்று தெரியும். இன்றைய இலவசப் பதிப்பு ஃபிராங்க் ரூல் லிப்ரே என்ற பெயரில் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இருக்கிறது. அதே தொகுப்பிலிருந்து ஹீபோ, ருபிக் இரண்டையும் சேர்த்து இறக்கிக்கொள்ளுங்கள். மூன்றும் போதும்.

இன்னொன்று, கையெழுத்து வடிவம். அச்சு வடிவத்திலிருந்து நிறையவே விலகி, வட்டமாக, வேகமாக எழுதுவதற்கென்று அமைந்தது. அதற்கும் ஓர் அட்டவணை வேண்டும். கோகோ கோலா அதில்தான் வரும்.

பெயரின் எழுத்துக்கூட்டலை உறுதிசெய்யுங்கள்

வரைவதற்கு முன்பே தோற்பது இங்கேதான். ஒலியை வைத்து நீங்களே எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் பாதி நேரம் தப்பாகும். ஹீப்ருவில் 'க்' ஒலிக்கு காஃப், கோஃப் என்று இரண்டு எழுத்துகள். அயல்மொழிப் பெயர் என்றால் பொதுவாக கோஃப். அதேபோல 'ட்' ஒலிக்கு டெட், தாவ் இரண்டில் டெட். ஹீப்ருவில் இல்லாத 'ஜ' ஒலி வேண்டுமென்றால் கிமெலுக்குப் பக்கத்தில் கெரேஷ் என்ற சின்னக் கீற்று ஒன்றைப் போடுவார்கள்.

ஜீப் என்ற காரின் பெயரைப் பாருங்கள்: கிமெல், கெரேஷ், யோத், பே. கெரேஷை அழகுக்காகத் தூக்கிவிட்டால் 'கீப்' ஆகிவிடும். அட்டவணையைப் பார்த்துவிட்டு "கடைசியில் பே வருகிறதே, இறுதி வடிவம் போடலாம்" என்று நினைத்தால் அதுவும் பொறி. இறுதிப் பேயை 'ஃப்' என்றுதான் படிப்பார்கள். அதனால் 'ப்' ஒலியில் முடியும் அயல்சொற்களுக்குச் சாதாரணப் பேயையே கடைசியிலும் எழுதுவது வழக்கம். இப்படி ஒரு விதிவிலக்கு இருப்பதை அட்டவணை நமக்குச் சொல்லாது.

ஆகவே ஊகிக்காதீர்கள். ஹீப்ரு விக்கிப்பீடியாவில் அந்த நிறுவனத்தின் பக்கத் தலைப்பைப் பாருங்கள். இஸ்ரேலில் விற்கும் பொருளின் உறை, கடைப் பலகை ஆகியவற்றின் படங்களையும் தேடி ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் அதை நகலெடுங்கள்.

ஒட்டும்போது இன்னொரு தொல்லை காத்திருக்கிறது. இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் கொம்பு எழுத்து இடம் மாறி 'கொ' சிதைந்து வருவதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? தமிழில் வேலை செய்பவர்களுக்கு அதைச் சரிசெய்யும் இடமும் தெரியும். ஹீப்ருவை ஒட்டும்போதும் அதே சிக்கல்தான்: அமைப்பு சரியில்லை என்றால் எழுத்துகள் இடமிருந்து வலமாக, தலைகீழ் வரிசையில் வந்து நிற்கும். ஹீப்ரு தெரியாத கண்ணுக்கு எதுவுமே தப்பாகப் படாது. பலமொழி எழுத்து அமைப்பை இயக்கி, மத்திய கிழக்கு மொழிகளுக்கான தெரிவையும் திறந்துவிட்டு ஒட்டுங்கள். இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் இலவசம், வலமிருந்து இடம் எழுதும் மொழிகளை அது தானாகவே சரியாக அடுக்கும். எதில் செய்தாலும், வலது ஓரத்தில் நிற்பது பெயரின் முதல் எழுத்துதானா என்று அட்டவணையோடு ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

இரட்டைப் பிள்ளைகளை அடையாளம் காணுங்கள்

பெயரை மூன்று எழுத்துருக்களிலும் பெரிதாக அச்செடுத்து, மேலே டிரேசிங் பேப்பர் வைத்து, ஒவ்வோர் எழுத்தின் நடு எலும்பை மட்டும் ஒற்றைக் கோட்டில் வரையுங்கள். மூன்றிலும் மாறாமல் வருவது எதுவோ அதுதான் அந்த எழுத்து. மற்றதெல்லாம் உடை.

எந்த எலும்பைத் தொட்டால் எழுத்து மாறிவிடும் என்பது தெரிந்தாக வேண்டும். ஹீப்ருவில் ஒன்றுபோல இருக்கும் ஜோடிகள் நிறைய: பெத்தும் காஃபும், தாலெத்தும் ரேஷும், ஹேயும் ஹெத்தும், வவ்வும் ஸயினும், கிமெலும் நூனும், ஸாமெக்கும் இறுதி மேமும். தாலெத்தின் வலது மேல் மூலை கூர்மையாக, கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ரேஷில் அதே மூலை வளைந்துவிடும். ஹேயின் இடது கால் மேலே ஒட்டாமல் இடைவெளி விட்டு நிற்கும். அந்த இடைவெளி அடைபட்டால் ஹெத். ஸாமெக் கீழே உருண்டிருக்கும். சதுரமானால் இறுதி மேம்.

நான் முதலில் எடுத்துக்கொண்டது அடிடாஸ். வட்டமும் நேர்கோடும் சேர்ந்த அந்தத் தடித்த சிற்றெழுத்துகள் சுலபமாகத் தெரிந்தன. அலெஃப், தாலெத், யோத், தாலெத், ஸாமெக். மூலைகளையெல்லாம் அன்போடு உருட்டினேன். கீழே மூன்று பட்டைகள். பார்க்க அசல் போலவே இருந்தது. ஹீப்ரு படிக்கத் தெரிந்த ஒரு நண்பருக்கு அனுப்பினேன். "அரிரஸ் என்றால் என்ன?" என்று பதில் வந்தது. உருட்டிய கையோடு தாலெத் இரண்டையும் ரேஷாக்கிவிட்டிருந்தேன்.

பிறகு அதைத் திருத்திய விதம் இது: மற்ற மூலைகளின் உருட்டலை அப்படியே விட்டுவிட்டு, தாலெத்தின் வலது மேல் மூலையை மட்டும் கூராக்கினேன், மேல்கோட்டை நூலளவு வெளியே நீட்டினேன். ஸாமெக்குக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அது ஏற்கெனவே வட்டம். அந்த லோகோவில் பிறந்த பிள்ளை போல வந்து உட்கார்ந்தது.

லோகோவிடம் என்ன இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள்

அசலை எதிரே வைத்து, எழுத்தை விட்டுவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நிறம். கோட்டின் தடிமன், தடிமனுக்கும் மெலிவுக்கும் உள்ள விகிதம். கோடு முடியும் இடம் வெட்டுப்பட்டிருக்கிறதா, உருண்டிருக்கிறதா. எழுத்துகளுக்கு இடையே எவ்வளவு காற்று. சாய்வு. வெளி எல்லையின் வடிவம். கடைசியாக, வித்தை ஏதாவது ஒளிந்திருக்கிறதா.

இதில் எது போனால் லோகோ செத்துப்போகும் என்று ஒன்றையோ இரண்டையோ வட்டமிடுங்கள். எல்லாவற்றையும் வட்டமிட்டால் வேலை நகராது. ஐபிஎம்முக்கு அது பட்டைகள். லெகோவுக்கு அது சிவப்புச் சதுரமும் எழுத்தைச் சுற்றிய இரட்டை ஓரக்கோடும். வோக் பத்திரிகைக்கு அது தடிமனுக்கும் மெலிவுக்கும் இடையிலான அந்த அதிர்ச்சியான வித்தியாசம்.

உயரமும் தடிமனும்

ஆங்கிலமும் ஹீப்ருவும் சேர்ந்து வரும் எழுத்துருக்களில் ஹீப்ருவின் உயரம் ஆங்கிலச் சிற்றெழுத்தைவிடக் கொஞ்சம் மேலே, பேரெழுத்தைவிடக் கொஞ்சம் கீழே இருக்கும். நீங்களும் அங்கிருந்து தொடங்குங்கள். முழுதும் பேரெழுத்தில் அமைந்த லோகோ என்றால் பேரெழுத்தின் உயரத்துக்கே கொண்டுபோகலாம்.

சிக்கல் கொடுப்பது லாமெத்தின் கழுத்து. லெகோவை ஹீப்ருவில் எழுதினால் லாமெத், கிமெல், வவ். அசலில் நான்கு பேரெழுத்துகள் சதுரத்துக்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. ஹீப்ருவில் மூன்றே பேர்; அதில் முதல் ஆள் கூரையில் தலை இடிக்கிறான், கடைசி ஆள் ஒரு குச்சி. நான் கண்ட வழி: கழுத்தைப் பாதிக்கு வெட்டிவிடுங்கள். விளம்பர எழுத்துகளில் லாமெத்தின் கழுத்தைக் குறைப்பது ஹீப்ருக்காரர்களே செய்வதுதான். கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் லாமெத் லாமெத்தாகவே படும். வவ்வைத் தடியாக்கி, அதன் தலையை இடப்பக்கம் தாராளமாக நீட்டினால் இடம் நிரம்பும். தலையை வலப்பக்கம் மட்டும் நீட்டாதீர்கள், ஸயின் ஆகிவிடும்.

லெகோ எழுத்துகள் சாய்ந்தவை. ஹீப்ருவில் எந்தப் பக்கம் சாய்ப்பது? படிக்கும் திசையில் முன்னோக்கிச் சாய்வது நியாயம் என்றால் இடப்பக்கம். ஆங்கிலத்தோடு ஒரே பக்கத்தில் வந்தால் ஒற்றுமையாக இருக்கட்டும் என்றால் வலப்பக்கம். இரண்டு விதமும் புழக்கத்தில் இருக்கிறது. வேகத்தைச் சொல்லும் லோகோ என்றால் நான் இடப்பக்கம் சாய்ப்பேன். வலப்பக்கம் சாய்ந்தால் பின்னால் யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பது போல இருக்கிறது.

தடிமனைப் பொறுத்தவரை, ஒரே தடிமனில் ஓடும் கோடுகள் உள்ள லோகோவில் கவலையே இல்லை. தடிமனும் மெலிவும் மாறி மாறி வரும் லோகோவில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: ஆங்கிலம் போலக் குத்துக்கோட்டைத் தடியாக்குவதா, ஹீப்ரு வழக்கப்படி கிடைக்கோட்டையா? முதலாவதைச் செய்தால் அசலின் சாயல் வரும், ஆனால் எழுத்து வெளிநாட்டு உச்சரிப்பில் பேசும். இரண்டாவதில் எழுத்து இயல்பாக இருக்கும், லோகோ கொஞ்சம் விலகும். இரண்டையும் வரைந்து சுவரில் ஒட்டி, மறுநாள் காலை பாருங்கள்.

ஒன்று மட்டும் செய்யவே வேண்டாம். ஆங்கில லோகோவின் துண்டுகளை வெட்டி ஒட்டி ஹீப்ரு எழுத்தாக்காதீர்கள். 'n' ஐ எடுத்தால் ஹெத், 'o' ஐ எடுத்தால் ஸாமெக், 'u' வின் தலையை மடக்கினால் டெட் என்று ஆசையாகத்தான் இருக்கும். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், ஐந்து நிமிடத்தில் செய்தது என்று பார்ப்பவருக்கும் தெரிந்துவிடும்.

கோகோ கோலா, எழுத்து எழுத்தாக

இதைத்தான் முதல் முழு வேலையாகச் செய்யச் சொல்வேன். காரணம், இந்தப் பெயரில் ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. ஹீப்ருவில் முதல் சொல் கோஃப், வவ், கோஃப், ஹே. இரண்டாவது கோஃப், வவ், லாமெத், ஹே. ஆங்கிலத்திலும் நான்கு, நான்கு. 'C' இருந்த இடத்திலெல்லாம் கோஃப், 'o' இருந்த இடத்தில் வவ், 'a' இருந்த இடத்தில் ஹே. மேலே எழும் 'l' க்குப் பதில், மேலே எழும் ஒரே ஹீப்ரு எழுத்தான லாமெத்.

1886-இல் அட்லாண்டாவில் இந்தப் பெயரை வைத்ததும் வரைந்ததும் ஃபிராங்க் ராபின்சன் என்ற கணக்காளர். இரண்டு 'C' கள் விளம்பரத்தில் எடுப்பாக இருக்கும் என்று நினைத்தே பெயரை வைத்தார். எழுத்து, அந்தக் கால அமெரிக்க அலுவலகங்களில் புழங்கிய ஸ்பென்சரியன் கையெழுத்து. ஆக, வட்டமிட வேண்டியவை இரண்டு: சொல்லைத் தொடங்கும் அந்த ஜோடிப் பெரிய வளைவுகள், பேனா மையில் ஓடும் தடிமன்-மெலிவு.

கையெழுத்து வடிவ அட்டவணையை எடுங்கள். முதலில் வேகமாக, பென்சிலில், முப்பது நாற்பது தடவை பெயரை எழுதுங்கள். வலமிருந்து இடமாகக் கை ஓடப் பழக வேண்டும். பழகாத கை வரைந்த வளைவில் நடுக்கம் தெரியும்.

அடுத்து முதல் கோஃப். ஆங்கில லோகோவில் முதல் 'C' யின் வால் கீழே இறங்கி, அடுத்த எழுத்துகளுக்கு அடியில் வலப்பக்கம் ஓடும். கோஃபுக்கு இயல்பாகவே கீழே இறங்கும் கால் ஒன்று உண்டு. அந்தக் காலை அடிக்கோட்டுக்குக் கீழே இறக்கி, இடப்பக்கம் வளைத்து, வவ், கோஃப், ஹே மூன்றுக்கும் அடியில் ஓடவிடுங்கள். திசை மாறிவிட்டது, ஆனால் செயல் அதே: சொல்லின் தலை எழுத்து மற்றவற்றைத் தன் மடியில் ஏந்துகிறது. அசலைக் கண்ணாடியில் பார்த்து அப்படியே புரட்டிப்போட்டுவிடலாமே என்று தோன்றும். முயன்று பாருங்கள், தடிமன் விழும் இடமெல்லாம் தப்பிப்போகும். வலக்கையால் பிடித்த பேனா புரட்டிப்போட்டது போல எழுதாது.

இரண்டாவது சொல்லின் 'C' க்கு அசலில் மேலே ஒரு கொடி உண்டு. அது போய் 'l' இன் சுழிக்குள் நுழையும். இங்கே லாமெத்துக்கும் உயரமான கழுத்து இருக்கிறது. இந்தச் சொல்லின் கோஃப் தலையிலிருந்து ஒரு கொடியை இடப்பக்கம் விட்டு, வவ்வின் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் லாமெத்தின் கழுத்தில் சுற்றுங்கள். வவ் குட்டையாக இருப்பது இங்கே உபயோகமாகிறது.

உபயோகமில்லாத இடமும் உண்டு. அசலின் தாளம் வட்டங்களால் ஆனது: 'o', 'a' இரண்டும் உருண்டை. வவ்வோ வெறும் கோடு. உருண்டைகளுக்கு நடுவே குச்சி வந்து நிற்கும்போது ஓட்டம் தடுக்கி விழுகிறது. வவ்வை வட்டமாக்க முடியாது, ஸாமெக் ஆகிவிடும். அதன் தலையில் சின்னத் தொடக்கச் சுழியும், காலில் மெல்லிய வளைவும் கொடுத்து, நடுவயிற்றைத் தடியாக்கிப் பாருங்கள். ஹேயை நன்றாக உருட்டினால் இழந்த வட்டத்தில் பாதியாவது திரும்பக் கிடைக்கும். ஆனால் ஹேயின் உள்ளே நிற்கும் தனிக் கோட்டை வெளிவளைவோடு ஒட்டிவிடாதீர்கள். சிவப்பில் வெள்ளை எழுத்து அச்சில் கொஞ்சம் ஊதித் தெரியும். திரையில் சரியாக இருந்த இடைவெளி பாட்டில் மூடி அளவில் அடைபட்டுப் போகும். தேவை என்று தோன்றுவதைவிட ஒரு மடங்கு கூடவே விடுங்கள்.

இவ்வளவும் முடித்த பிறகுதான் நிறுவனத்தின் அதிகாரபூர்வ ஹீப்ரு லோகோவைத் தேடிப் பார்க்க வேண்டும். 1968 முதல் இஸ்ரேலில் கோகோ கோலா தயாராகிறது, படங்களுக்குப் பஞ்சமில்லை. முன்னாடியே பார்த்துவிட்டால் உங்கள் கை அதைத்தான் வரையும்.

வித்தை எல்லை தாண்டாதபோது

ஃபெடெக்ஸ் லோகோவில் 'E' க்கும் 'x' க்கும் நடுவே வெள்ளை அம்பு ஒளிந்திருப்பது ஊரறிந்த ரகசியம். லிண்டன் லீடர் 1994-இல் செய்தது. ஹீப்ருவில் அந்தப் பெயர் பே, தாலெத், கோஃப், ஸாமெக். உயிரொலி எழுதப்படாததால் இரண்டாவது 'E' யே இல்லை. 'x' என்பது கோஃப், ஸாமெக் என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. அம்பின் ஒரு கரை காணாமல் போனது, மறு கரையின் சாய்கோடுகளும் போயின. மீதமுள்ள நான்கு எழுத்துகளில் சாய்கோடு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. இரண்டு நாள் நான் மல்லுக்கட்டினேன். தாலெத்தின் அடியில் உள்ள வெற்றிடத்தில் ஓர் அம்பை வெட்டித் திணிக்க முடியும்தான். எழுத்துக்குக் காயம் பட்டது போல இருக்கும். கடைசியில் அம்பை விட்டுவிட்டு, ஊதாவும் ஆரஞ்சும் இரண்டிரண்டாகப் பிரிவதையும், எழுத்துகள் ஒன்றையொன்று உரசும் நெருக்கத்தையும் மட்டும் வைத்துக்கொண்டேன். அம்பு இல்லாமலும் ஃபெடெக்ஸ் என்று எல்லாரும் சொன்னார்கள்.

அமேசான் வேறு கதை. 2000-இல் டர்னர் டக்வொர்த் நிறுவனம் வரைந்த புன்னகை அம்பு 'a' விலிருந்து 'z' க்குப் போகிறது. எல்லாப் பொருளும் கிடைக்கும் என்று அர்த்தம். ஹீப்ருவில் பெயர் அலெஃப், மேம், ஸயின், வவ், இறுதி நூன். அட, அலெஃபும் இருக்கிறது, ஸயினும் இருக்கிறது, அம்பை இடப்பக்கம் திருப்பினால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் ஹீப்ரு நெடுங்கணக்கின் கடைசி எழுத்து தாவ், ஸயின் ஏழாவது. "அ முதல் ஃ வரை" என்பதற்கு அவர்கள் "அலெஃப் முதல் தாவ் வரை" என்பார்கள். போதாக்குறைக்கு, ஸயின் என்ற அந்தப் பெயரே பேச்சுவழக்கில் ஆணுறுப்பைக் குறிக்கும் கொச்சைச் சொல். அதைச் சுட்டிக்காட்டும் ஒரு புன்னகை அம்பை நீங்கள் வரைந்து பெருமையாக அனுப்பினால் டெல் அவிவில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

நான் அம்பைச் சொல்லின் முழு அகலத்துக்கும், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஓடவிட்டேன். அங்கே இறுதி நூனின் கால் கீழே இறங்கி வழிமறிக்கும். அந்தக் காலையே அம்பு தொட்டு முடியும் இடமாக்கினால் பொருந்துகிறது. இந்தப் பெயரில் இன்னொரு தலைவலி, ஸயின், வவ், இறுதி நூன் என்று மூன்று குச்சிகள் வரிசையாக நிற்பது. இடைவெளியைச் சமமாக அளந்து வைத்தால் வேலிபோலத் தெரியும். அளவுகோலை மூடிவிட்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்து நகர்த்துங்கள்.

கூகுளில் கிடைப்பது கிமெல், வவ், கிமெல், லாமெத். ஆங்கிலத்தில் ஆறு எழுத்துகள்: நீலம், சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, சிவப்பு. 1999 லோகோவை வரைந்த ரூத் கேதார் பிரேசிலில் பிறந்து, இஸ்ரேலில் டெக்னியான் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடக்கலை படித்தவர். அடிப்படை வண்ணங்களின் வரிசையைக் குலைத்து 'l' க்கு மட்டும் பச்சை கொடுத்தது வேண்டுமென்றே செய்தது. நாங்கள் விதிப்படி நடப்பவர்கள் இல்லை என்று காட்டுவதற்காக. லாமெத்துக்குப் பச்சையை அப்படியே கொடுத்துவிடலாம். ஆனால் ஒலிக்கு ஒலி நிறம் கொடுத்தால் இரண்டு கிமெலும் நீலமாகி, மஞ்சளே இல்லாமல் போகும். எனவே நீலம், சிவப்பு, மஞ்சள், பச்சை என்று போனேன். நான்கு நிறமும் வந்ததும் கூகுள் வந்துவிட்டது. 2015 லோகோவில் சாய்ந்து நிற்கும் அந்தக் கடைசி 'e' யின் குறும்பை லாமெத்தின் கழுத்துச் சாய்வில் வைத்தேன்.

ஐபிஎம்மை ஓய்வு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1972-இல் பால் ராண்ட் போட்ட எட்டுப் பட்டைகள் எந்த எழுத்தையும் ஐபிஎம் ஆக்கிவிடும். யோத், பெத், மேம் என்று எழுதினால் மேல் பாதியில் தொங்கும் யோத்துக்கு நான்கு பட்டைதான் கிடைக்கும். கீழே காலியாக இருப்பது அழகாகவே இருக்கிறது. குறுகலில் தொடங்கி அகலத்தில் முடியும் அசலின் வரிசையும் அப்படியே வருகிறது, வலமிருந்து இடமாக.

சோதனை

மூன்று பேரிடம் காட்டுங்கள். ஹீப்ரு தெரியாத ஒருவர் லோகோவைக் கண்டுபிடிக்க வேண்டும். ஹீப்ரு படிக்கத் தெரிந்த ஒருவர், கறுப்பு வெள்ளையில், எந்த நிறுவனம் என்று சொல்லாமல் கொடுத்தால், சத்தமாகச் சரியாகப் படிக்க வேண்டும். முதலாமவர் தேறி இரண்டாமவர் திணறினால் நீங்கள் வரைந்தது படம். இரண்டாமவர் தேறி முதலாமவர் விழித்தால் அது வெறும் எழுத்துரு. மூன்றாமவர் நீங்களேதான்: ஒரு வாரம் பெட்டியில் போட்டுவிட்டு எடுத்துப் பாருங்கள்.

பாதியை மறைத்துப் பார்ப்பது இன்னொரு நல்ல சோதனை. ஆங்கில எழுத்தோ அரபி எழுத்தோ, மேல் பாதி மட்டும் தெரிந்தால் போதும், படித்துவிடலாம். ஹீப்ருவுக்குக் கீழ் பாதி தேவை. லிரோன் லவி துர்கெனிச் என்ற வடிவமைப்பாளர் இதை வைத்துத்தான் மேலே அரபியும் கீழே ஹீப்ருவும் ஒரே எழுத்தாக இணைந்த அரவ்ரித் எழுத்துகளை உருவாக்கினார். உங்கள் வரைவின் மேல் பாதியை ஒரு தாளால் மூடுங்கள்; அட்டவணையோடு ஒப்பிட்டால் எழுத்து எது என்று ஓரளவு பிடிபட வேண்டும். தாலெத்தும் ரேஷும், ஹேயும் ஹெத்தும், வவ்வும் ஸயினும் போன்ற ஜோடிகள் விதிவிலக்கு, அவற்றைப் பிரிக்கும் உயிர் மேல் பாதியில் இருக்கிறது.

கடைசியில், கட்டை விரல் நக அளவுக்குச் சுருக்கி அச்செடுங்கள். ஹேயின் இடைவெளி, கெரேஷ், யோத் மூன்றும் பிழைத்ததா என்று மட்டும் பார்த்தால் போதும்.

இந்த வேலைகளை வெளியே காட்டும்போது "பயிற்சிக்காக வரைந்தது, நிறுவனத்துக்குத் தொடர்பில்லை" என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். டி-சர்ட்டில் அடித்து விற்க வேண்டாம். கடைத்தெருவில் தொங்குகிறதே என்பது வக்கீல் நோட்டீசுக்குப் பதிலாகாது. அசல், எலும்புக்கூடு வரைவு, தோற்றுப்போன வரைவுகள், இறுதி வடிவம் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுங்கள். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் அரிரஸைத்தான் அதிக நேரம் பார்க்கிறார்கள்.

கோகோ கோலா முடித்தவர்கள் அடுத்து சோனிக்குப் போகலாம்: ஸாமெக், வவ், நூன், யோத், நான்குக்கு நான்கு. அசலில் எழுத்து முனைகளில் இருக்கும் அந்தக் கட்டைக் கால்களை ஹீப்ரு எழுத்தின் எந்த முனையில் வைப்பது என்பதுதான் கேள்வி. வோக்கை இப்போதைக்குத் தொட வேண்டாம். ஹீப்ருவில் அது வவ், வவ், கிமெல். பக்கத்துக்குப் பக்கத்தில் இரண்டு குச்சிகள், மூன்றாவதும் கிட்டத்தட்ட குச்சி. தடிமன்-மெலிவைக் காட்ட ஒரு வட்டம்கூடக் கிடையாது. நான் பதினொரு தடவை வரைந்துவிட்டேன்; பன்னிரண்டாவது தாள் மேசையில் காலியாக இருக்கிறது.